அண்ணா சாலை, பாரிமுனை, தி.நகர்: கடைத்தெரு ஏன் வாடுகிறது, எதைச் செய்தால் தேறும்?

"சென்னையின் பழைய கடைத்தெருக்கள் ஒவ்வொன்றாகக் களையிழந்து வருகின்றன. மால்களும் ஆன்லைன் விற்பனையும்தான் காரணமா? இவற்றுக்கு இனி எதிர்காலம் உண்டா?" என்பது கேள்வி.

மாலும் ஆன்லைனும் காரணங்கள்தான், ஆனால் கடைசியில் வந்து சேர்ந்தவை. அண்ணா சாலையில் மாலைக் கூட்டம் குறையத் தொடங்கியபோது எக்ஸ்பிரஸ் அவென்யூவும் (2010) இல்லை, வேளச்சேரி ஃபீனிக்ஸும் (2013) இல்லை, யார் கையிலும் ஸ்மார்ட்ஃபோனும் இல்லை. ஒரு கடைத்தெருவுக்குச் சோறு போடுவது அங்கே வேறு வேலையாக வந்து இறங்கும் ஆட்கள்: பஸ் ஏற வந்தவர், படம் பார்க்க வந்தவர், கோர்ட்டுக்கு வந்தவர், காய்கறி வாங்க வந்தவர். அந்த வேலைகளை ஊர் விளிம்புக்கு அனுப்பிவிட்டுக் கடைகளை மட்டும் பழைய இடத்தில் விட்டால் வியாபாரம் நிலைக்காது. சென்னையில் முப்பது ஆண்டுகளாக இதுதான் நடந்து வருகிறது. மருந்தும் இங்கேதான் இருக்கிறது. ஆனால் மூன்று தெருக்களின் நோயும் ஒன்றல்ல என்பதால் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் அண்ணா சாலை. பழைய மவுண்ட் ரோடுக்கு மாலையில் ஆள் வந்ததற்குப் பெரிய காரணம் தியேட்டர்கள். சஃபையர், சாந்தி, ஆனந்த், தேவி, கேசினோ, வெலிங்டன், பிளாசா எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. மாலைக் காட்சி விடும் நேரமும் இரவுக் காட்சிக்கு வரிசை நிற்கும் நேரமும் ஒன்றாகச் சேரும்போது ஆயிரக்கணக்கானவர்கள் நடைபாதையில் இருப்பார்கள். ஹோட்டல், புத்தகக் கடை, பழக்கடை, கைக்கடிகாரக் கடை எல்லாவற்றுக்கும் அவர்கள்தான் வாடிக்கை. 1964இல் திறந்த சஃபையர் தொண்ணூறுகளில் மூடியது. 1961இல் திறந்த சாந்தி இடிக்கப்பட்டு வணிக வளாகமானது. தேவி போன்ற ஒன்றிரண்டுதான் இன்றும் ஓடுகின்றன. தியேட்டர் போன இடத்தில் அலுவலகக் கட்டடம் வந்தால் பகலில் ஆள் இருக்கும், மாலை ஆறரைக்கு மேல் இருக்காது. சில்லறை விற்பனைக்கு மாலை ஆறிலிருந்து ஒன்பது வரைதான் உயிர் நேரம்.

இரண்டாவது அடி தரைத்தளத்தில் விழுந்தது. கடை பார்த்துக்கொண்டே நடப்பவர் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் போவார். நாலு மீட்டர் முகப்புள்ள கடைகள் வரிசையாக இருந்தால் நாலு நொடிக்கு ஒரு புதுக் கடை கண்ணில் படும். அதே இடத்தில் அறுபது மீட்டர் காம்பவுண்டு சுவர், வாகன நுழைவாயில், கறுப்புக் கண்ணாடி போட்ட வங்கி என்று வந்தால் ஒரு முழு நிமிடம் பார்க்க எதுவும் கிடையாது. இப்படி இரண்டு இடம் அடுத்தடுத்து வந்தாலே பெரும்பாலோர் திரும்பிவிடுவார்கள். அதற்கு அப்பால் எவ்வளவு நல்ல கடை இருந்தாலும் அது நடந்து வருபவருக்கு இல்லை. அண்ணா சாலையில் கார் ஷோரூம்களும் வங்கிகளும் அலுவலகக் கேட்டுகளும் செய்தது இதைத்தான். நடுவில் தடுப்பு, நூற்றுக்கணக்கான மீட்டருக்கு ஒரு கடக்கும் இடம் என்றானபின் எதிர்ச்சாரி வேறு ஊர்போல் ஆகிவிட்டது. ஒரு தெருவின் இரண்டு சாரியும் சேர்ந்து இயங்க 80 முதல் 100 மீட்டருக்கு ஒருமுறையாவது தரைமட்டத்திலேயே கடக்க வேண்டும். சுரங்கப்பாதை வைத்தால் மூட்டைமுடிச்சோடு வருபவரும் வயதானவரும் இறங்க மாட்டார்கள்.

மூன்றாவதாக மெட்ரோ பணி வந்தது. சாலையின் ஒரு பகுதி பல ஆண்டுகள் ஒருவழிப் பாதையாக இருந்தது, நடைபாதையைத் தகரத் தடுப்பு விழுங்கியது. 2019 பிப்ரவரியில் டி.எம்.எஸ். முதல் வண்ணாரப்பேட்டை வரை ரயில் ஓடத் தொடங்கியபோது பழைய வாடிக்கையாளர்களின் பழக்கம் மாறியிருந்தது. வழக்கமாகப் போகும் கடையை ஒருவர் இரண்டு மூன்று தீபாவளிக்கு மாற்றிக்கொண்டால் அவரைத் திரும்ப அழைப்பது புது வாடிக்கையாளரைப் பிடிப்பதைவிடக் கடினம்.

ஸ்பென்சர் பிளாசாவைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தெருக்கடை தோற்று மால் ஜெயித்தது என்ற எளிய கணக்கைப் பொய்யாக்குகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் பழைய கட்டடம் தீயில் போனபின் தொண்ணூறுகளில் எழுந்த இந்த வளாகம்தான் இந்த ஊரின் முதல் பெரிய மால். அதுவும் வாடியது. கடைகளைத் தனித்தனி உரிமையாளர்களுக்கு விற்றுவிட்ட வளாகத்தில் எந்தத் தளத்தில் எந்த வகைக் கடை என்று தீர்மானிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. பக்கத்துக் கடை பூட்டிக் கிடந்தாலும் கேட்க ஆளில்லை. பராமரிப்புக் கட்டணம் வசூலாகாது, எஸ்கலேட்டர் நிற்கும், மேல்தளம் முதலில் காலியாகும். எல்லாக் கடையையும் ஒரே நிறுவனம் வைத்துக்கொண்டு வாடகைக்கு மட்டும் விடும் மால்கள் இந்தச் சிக்கலில் மாட்டுவதில்லை. தெருவுக்கும் இதே பாடம் பொருந்தும்: நூறு உரிமையாளர்கள் உள்ள தெருவில் கடைகளின் கலவையைப் பற்றிக் கவலைப்பட ஓர் அமைப்பு வேண்டும்.

பாரிமுனைக்கு வருவோம். இங்கே ஆட்களை அகற்றியது பெரும்பாலும் அரசின் திட்டமிட்ட முடிவுகள்தான். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தது, அந்த இடம் ரயில்வேக்குப் போனது. 1996இல் கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. 2002இல் வெளியூர்ப் பேருந்துகளும் கோயம்பேட்டுக்குப் போயின. இப்போது தென்மாவட்டப் பேருந்துகள், 2023 இறுதியில் திறந்த கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. நெரிசலைக் குறைக்க இவற்றில் சில தேவைதான். கொத்தவால் சாவடியின் சந்துகளில் லாரி நுழைந்த காலத்தை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். ஆனால் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து பாரிமுனையில் இறங்கி, சரக்கு எடுத்துக்கொண்டு அதே இடத்தில் பஸ் ஏறிப் போன சிறு கடைக்காரருக்கு இன்று இரண்டு மாற்று வண்டி, இரண்டு சுமை ஏற்றி இறக்கும் கூலி. அவர் தன் ஊருக்கே சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரியைத் தேடிக்கொள்கிறார்.

அப்படியிருந்தும் பாரிமுனை சாகவில்லை. காரணம் ஒரே சரக்கு ஒரே தெருவில் குவிந்திருப்பது. காகிதத்துக்கு ஆண்டர்சன் தெரு, துணிக்குக் கோடவுன் தெரு, ஃபேன்சி சாமான்களுக்குக் காசி செட்டித் தெரு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தெரு உண்டு. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்க அட்டை தேடுபவருக்கு ஒரே நடையில் பல கடை, தொட்டுப் பார்க்கும் வசதி, அங்கேயே வெட்டித் தரும் ஆள், தெரிந்தவர் என்றால் பதினைந்து நாள் கடன். இந்த நான்கும் சேர்ந்தாற்போல் திரையில் கிடைக்காது. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் இதே பலத்தில்தான் நிற்கிறது. புது லேப்டாப் விலையில் ஆன்லைனோடு போட்டி போட முடியாது. ஆனால் உடைந்த திரையை மாற்றுவது, வழக்கொழிந்த மாடலுக்குச் சார்ஜர் கண்டுபிடிப்பது, ஒரு ரிலேயும் பத்து கனெக்டரும் மட்டும் சில்லறையாக வாங்குவது அங்கேதான் நடக்கும். பர்மா பஜாருக்கு அந்த அடித்தளம் இல்லை. வெளிநாட்டுச் சாமான் கிடைக்காத காலத்தில் அது கிடைக்கும் இடம் என்பதே அதன் வியாபாரம். 1991க்குப் பின் இறக்குமதி தாராளமானதும் அந்தக் காரணம் போய்விட்டது. கடைகள் பிறகு சிடிக்கும், செல்ஃபோன் உதிரிச் சாமான்களுக்கும் மாறிப் பிழைத்தன.

வாடகைப் பிரச்சினையைப் பேசாமல் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. அழகுபடுத்தும் திட்டங்கள் எல்லாம் இதைத் தொடாமல் போவதால்தான் தோற்கின்றன. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வணிகக் கட்டடத்துக்கு நியாய வாடகை அதன் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 12 சதவீதம் என்று கணக்கு இருந்தது. அதை வாங்க வழக்குப் போட வேண்டியிருந்தது, வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அதனால் பழைய வாடகையே தொடர்ந்தது. உரிமையாளர் ஓடு மாற்ற மாட்டார், குடித்தனக்காரர் தன் காசைப் போட மாட்டார். கட்டடம் அப்படியே இற்றுப்போகும். உரிமையாளர் இறந்தால் ஏழெட்டு வாரிசு, எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் புது ஒப்பந்தம். மாடி இதனால்தான் குடோனாகக் கிடக்கிறது.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டம் இந்த நிலையைப் புரட்டிவிட்டது. வாடகையை இரு தரப்பும் பேசி எழுதிக்கொள்ள வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லாததே வெளியேற்றக் காரணமாகலாம். மூன்று தலைமுறையாக வாய்ப்பேச்சில் கடை நடத்துபவர் முதலில் செய்ய வேண்டியது, பதிவு எண்ணோடு கூடிய ஒப்பந்தம் தன்னிடம் இருக்கிறதா என்று பார்ப்பது. பதினோரு மாத ஒப்பந்தத்தை நம்பி யாரும் கடையில் பத்து லட்சம் போட முடியாது. குறைந்தது ஐந்தாண்டு, இடையில் காலி செய்யச் சொல்லக் கூடாத காலம் எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை சதவீத உயர்வு, கூரை, கழிவுநீர், மின் இணைப்பு மாற்றும் செலவு யாருடையது என்று எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிந்துகொள்ள வேண்டும். எதிரில் மெட்ரோ அல்லது மேம்பாலப் பணி நடந்தால் அந்த மாதங்களில் வாடகை எவ்வளவு குறையும் என்ற ஒரு வரியும் சேர்க்க வேண்டும். அந்த வரி இல்லாமல் நொடித்த கடைகள் பல.

கோயில் இடங்களில் சிக்கல் வேறு. 1959ஆம் ஆண்டு அறநிலையத் துறைச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டும். கோயில் சொத்தைக் காக்க அது அவசியமான விதி. ஆனால் விளைவாக, கோயிலைச் சுற்றியுள்ள கடைக்காரர் நீண்டகாலச் செலவு எதையும் செய்யத் துணிவதில்லை. பழுது பார்க்கும் பொறுப்பை நிர்வாகமே ஏற்று அதற்கேற்ப வாடகை வைப்பதுதான் இதற்குள் சாத்தியமான வழி. இதோடு ஜி.எஸ்.டி. கணக்கும் உண்டு: 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாத உரிமையாளரிடம் வாடகைக்கு இருக்கும் பதிவுபெற்ற கடைக்காரர் 18 சதவீதத்தைத் தானே கட்ட வேண்டும். இணக்கமுறை வரி (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் கட்டும் சிறு வியாபாரிகளுக்கான முறை) செலுத்துவோருக்கு 2025 ஜனவரியில் விலக்கு வந்தது. மற்றவர்கள் அதை உள்ளீட்டு வரியாக, அதாவது விற்பனைக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்து, திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கைக்காசு முதலில் போக வேண்டும்.

தி.நகர் வேறு வகை. அதற்கு ஆபத்து கூட்டத்தாலேயே வருகிறது. ரங்கநாதன் தெருவை வளர்த்தது மாம்பலம் ரயில் நிலையம். செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வருபவர் இறங்கிய உடனே கடைக்குள் இருப்பார், காருக்கு இடம் தேட வேண்டியதில்லை. இன்று அதே பெரிய கடைகள் குரோம்பேட்டையிலும் பாடியிலும் போரூரிலும் கிளை திறந்துவிட்டன. பாத்திரமும் பள்ளிச் சீருடையும் வாங்க தி.நகர் வர வேண்டிய அவசியம் குறைகிறது. கல்யாணப் பட்டு, நகை என்று பல கடை ஏறி இறங்கிப் பார்க்க வேண்டிய பொருளுக்குத்தான் இனி ஆள் வருவார்கள். அவர்கள் குடும்பமாக வந்து நாலைந்து மணி நேரம் தங்குவார்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது கழிப்பறை, குடிநீர், உட்கார நிழல். பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை இல்லாத தெருவில் தங்கும் நேரம் பாதியாகிவிடும் என்பதை வியாபாரிகள் சங்கங்கள் இன்னும் போதிய அளவு எடுத்துக்கொள்ளவில்லை.

தீ பயம் இங்கே நிஜமானது. 2008இல் ரங்கநாதன் தெருக் கடை ஒன்றில் தீயில் ஊழியர்கள் இறந்தார்கள். 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஒரு பல மாடித் துணிக்கடை எரிந்து, கட்டடமே இடிக்கப்பட்டது. பக்கவாட்டு இடம் விடாத கட்டடத்துக்குத் தீயணைப்பு வண்டி முன்பக்கம் மட்டுமே வர முடியும். படிக்கட்டில் அட்டைப்பெட்டி அடுக்குவதும் கண்ணாடி முகப்பை விளம்பரப் பலகையால் மூடுவதும் புகை வெளியேற விடாது. இவற்றைச் சரிசெய்யப் பெரிய செலவில்லை, தினமும் பார்க்கும் ஆள்தான் வேண்டும்.

2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம் நல்ல முயற்சி, அங்கே என்ன தேய்ந்தது என்பதிலிருந்து மற்ற தெருக்கள் கற்கலாம். நடைபாதையில் வாகனம் ஏறாமலிருக்க நட்ட சிறு தூண்களைக் கவனியுங்கள். சக்கர நாற்காலி போக இரண்டு தூணுக்கிடையே குறைந்தது 90 செ.மீ. வேண்டும். ஒரு ஸ்கூட்டரின் கைப்பிடி அகலமோ ஏறக்குறைய 70 செ.மீ.தான். ஆகவே நாற்காலி நுழையும் இடைவெளியில் ஸ்கூட்டரும் நுழையும். தூணை மட்டும் நம்பினால் ஒரு மாதத்தில் நடைபாதை வண்டி நிறுத்துமிடமாகும். இரு சக்கர வண்டிக்கு நூறு மீட்டருக்குள் கட்டண இடம், அபராதம் போட ஆள் இரண்டும் சேர்ந்தால்தான் தூணுக்கு அர்த்தம். முன்வரிசையை வாடிக்கையாளர் வருமுன்பே அடைப்பது பெரும்பாலும் கடைக்காரர்களின், ஊழியர்களின் வண்டிகள்தான். மணிக்கணக்குக் கட்டணம் வைத்தால் அவை தாமாகவே உள் சந்துக்குப் போகும்.

நடைபாதை வியாபாரிகளைப் பலமாடி வளாகத்துக்கு மாற்றும் யோசனை திரும்பத் திரும்ப வருகிறது. பூ, ஹேர்பின், கைக்குட்டை விற்பவரிடம் யாரும் தேடிப் போய் வாங்குவதில்லை, கண்ணில் பட்டால் வாங்குவார்கள். மேல்தளத்துக்கு ஏற்றினால் அந்த வியாபாரம் போய்விடும், பெரிய கடைக்கு முன்னால் ஆளை நிறுத்தி வைத்த ஈர்ப்பும் போய்விடும். 2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும், கணக்கெடுப்பு முடியாமல் அகற்றக் கூடாது. நடக்கும் தடத்தை விட்டு ஒதுங்கிய பட்டையில், ஆளுக்கு இரண்டு மீட்டர் நீளம் 1.2 மீட்டர் ஆழம் என்று கோடு போட்டுக் கொடுத்தால் எல்லாருக்கும் நல்லது.

உங்கள் தெருவுக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்க ஆலோசகர் வேண்டாம். ஒரு சனிக்கிழமை மூன்று பேர் போதும். ஒருவர் இரண்டு சாரியும் நடந்து ஒவ்வொரு முகப்பின் நீளத்தையும் மீட்டரில் எழுதட்டும்: திறந்த கடை, பூட்டிய ஷட்டர், வங்கி அல்லது அலுவலகம், சுவர் அல்லது கேட். கடைகளின் எண்ணிக்கையைவிட முகப்பு நீளம்தான் உண்மையைச் சொல்லும். என் அனுபவக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடையல்லாத முகப்பாகிவிட்டால் தெரு உடைந்துவிடும். மற்ற இருவர் மூன்று இடங்களில் காலை 11, மதியம் 1, மாலை 6.30க்குப் பத்து நிமிடம் ஆள் எண்ணட்டும். ஆறால் பெருக்கினால் மணிக்கணக்கு வரும். பை வைத்திருப்பவர்களைத் தனியே எண்ண வேண்டும். ஆள் அதிகம் பை குறைவு என்றால் கடைகளின் கலவை பழுது. ஆளே குறைவு என்றால் பஸ் நிறுத்தம், கடக்கும் இடம், நடைபாதை இவற்றைப் பாருங்கள்.

நடைபாதை போடும்போது அளவுகளில் விட்டுக்கொடுக்கக் கூடாது. சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரசின் 103ஆம் நெறிமுறை வணிகப் பகுதிக்கு 2.5 மீட்டர் தடையற்ற அகலம் கேட்கிறது, கடை முகப்பில் நின்று பார்ப்பவருக்கு மேற்கொண்டு ஒரு மீட்டர். விளிம்பு உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு கேட்டிலும் நடைபாதை இறங்கி ஏறக் கூடாது, வண்டிதான் சரிவில் ஏறி இறங்க வேண்டும். கேபிளுக்கும் குடிநீருக்கும் குழாய்த்தடம் போட்டபின்தான் மேல்தளம் போட வேண்டும். சிமெண்டில் பதித்த கிரானைட் ஒருமுறை தோண்டினால் பழைய நிலைக்கு வராது, மழையில் வழுக்கவும் செய்யும். கழற்றி மாட்டும் கான்கிரீட் கல் போதும்.

எதிர்காலம் என்று கேட்டால், அண்ணா சாலை பழைய ஷாப்பிங் தெருவாகத் திரும்பும் என்று நான் நம்பவில்லை, அதற்காகச் செலவழிப்பதும் வீண். அங்கே எல்.ஐ.சி. மெட்ரோ நிலையத்தை ஒட்டிய பகுதியில் 1904இல் எழுந்த ஹிக்கின்பாதம்ஸ் கட்டடம் போன்றவை இன்னும் நிற்கின்றன. அந்தத் துண்டில் மட்டும் மாலை நேர உணவகம், புத்தகம், சிறு அரங்கம் என்று தரைத்தளத்தைத் திறந்தால் போதும். மெட்ரோ ஆளைக் கொண்டுவந்து இறக்குகிறது, இறங்கியவருக்கு இரவு ஒன்பது வரை திறந்த கதவு வேண்டும். தி.நகர் இன்னும் பல காலம் தாங்கும். 2023இல் மாம்பலம் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்துத் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதையில், இறங்குவழி இருக்கும் இடத்தில்தான் போணி நடக்கும் என்பதைக் கடைக்காரர்கள் கணக்கில் கொள்ள வேண்டும். பனகல் பூங்காவில் மெட்ரோ நிலையம் திறந்ததும் நடக்கும் திசையே மாறும்.

உடனடியாகக் கவனிக்க வேண்டியது பாரிமுனை. பிராட்வே பேருந்து நிலையமும் குறளகம் என்ற அரசுக் கட்டடமும் சேர்ந்த இடத்தில் பன்முகப் போக்குவரத்து வளாகம் கட்டும் திட்டம் நடப்பில் உள்ளது. கட்டுமானக் காலத்தில் பேருந்துகள் எங்கே நின்று ஆளை இறக்கும் என்பதே சுற்றியுள்ள கடைகளின் அடுத்த சில ஆண்டுகளை முடிவு செய்யும். சங்கங்கள் எழுத்தில் கேட்க வேண்டியவை: என்.எஸ்.சி. போஸ் சாலையிலேயே ஏறி இறங்கும் நிறுத்தங்கள் தொடர வேண்டும், தகரத் தடுப்புக்கும் கடை முகப்புக்கும் இடையே குறைந்தது 1.8 மீட்டர் விளக்கோடு கூடிய வழி இருக்க வேண்டும், சரக்கு ஏற்றி இறக்க இரவு 9 முதல் காலை 8 வரை தனி இடம் வேண்டும், புது வளாகத்தின் தரைத்தளக் கடைகள் உள்நோக்கி இல்லாமல் தெருவை நோக்கித் திறக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை வரைபடம் இறுதியாகும் முன்பே கேட்டாக வேண்டும், கட்டியபின் கதவின் திசையை யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.